வழிவிட்டவர்கள் வழியை மூடியபோது: ஈஸ்ட் பர்க் சைக்கிள் பாதைகள்

2019 டிசம்பரில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஈஸ்ட் பர்க் என்ற சிற்றூரில் இயங்கும் கிங்டம் டிரெயில்ஸ் சங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. டார்லிங் குன்றில் அடுத்தடுத்து நிலம் வைத்திருக்கும் மூன்று நிலக்காரர்கள், இனித் தங்கள் நிலத்தில் மவுண்டன் பைக் (கரடுமுரடான பாதைகளில் ஓட்டும் சைக்கிள்) ஓட்ட அனுமதிக்கப் போவதில்லை என்பதுதான் செய்தி. நடந்து போகிறவர்கள் போகலாம். பனிக்காலத்தில் சறுக்கிப் போகிறவர்களும் போகலாம். சைக்கிள் மட்டும் கூடாது. இதற்கு வழக்கோ பஞ்சாயத்தோ தேவைப்படவில்லை. கால் நூற்றாண்டாகக் கொடுத்துவந்த அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சங்கத்தின் பாதைகள் அப்போது 100 மைலுக்கு மேல் நீண்டிருந்தன. கிட்டத்தட்ட நூறு பேருடைய நிலங்களின் வழியாக அவை ஓடின. நூறில் மூன்று போனால் என்ன என்று காகிதத்தில் கணக்குப் போடலாம். ஆனால் செய்தி வந்த வேகத்தில் அமெரிக்க வடகிழக்கு முழுவதும் சைக்கிள்காரர்கள் அதிர்ந்துபோனார்கள். பாதை போடும் அமைப்புகள் பல, தங்களுக்கு அனுமதி தந்திருக்கும் நிலக்காரர்களை நினைத்துக் கவலைப்படத் தொடங்கின. கிராமத்தைச் சுற்றி சைக்கிள் பாதை போட நினைக்கும் யாரும் முதலில் படிக்க வேண்டிய நிகழ்வு இதுதான் என்பேன். இங்கே பாதையின் தரத்தில் குறை இல்லை, பணம் தீர்ந்துபோகவில்லை, விபத்தும் காரணம் இல்லை. எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தபோதுதான் அறுந்தது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். வெர்மான்ட்டின் வடகிழக்கு மூலையில் உள்ள மூன்று மாவட்டங்களுக்கு நார்த்ஈஸ்ட் கிங்டம் என்று பெயர். 1949-இல் ஜார்ஜ் ஐக்கன் என்ற செனட்டர் ஒரு பேச்சில் அப்படிக் குறிப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. அங்கே பர்க் என்ற ஊர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,700 பேர்கூட இல்லை. அதற்குள் ஈஸ்ட் பர்க் ஒரு சின்னக் குடியிருப்பு. 114-ஆம் எண் சாலை நடுவே ஓடுகிறது, பக்கத்தில் பாசம்ப்சிக் ஆற்றின் கிழக்குக் கிளை. ஒரு மளிகைக் கடை, ஒரு சைக்கிள் கடை, சில சாப்பாட்டு இடங்கள்.

ஊருக்கு ஒரு பக்கம் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் பர்க் மலை. அதில் பனிச்சறுக்கு மையமும், லிஃப்ட்டில் ஏறி சைக்கிளில் இறங்கும் செங்குத்தான பாதைகளும் உண்டு. தைரியசாலிகள் அங்கே போவார்கள். மறுபக்கம் டார்லிங் குன்று. பெயர்தான் குன்றே தவிர, நீண்டு படுத்திருக்கும் ஒரு மேடு. உச்சி நெடுக வைக்கோல் அறுக்கும் புல்வெளிகள், சரிவுகளில் சர்க்கரை மேப்பிள் தோப்புகளும் பைன் மரங்களும். வடக்கே பார்த்தால் பிஸ்கா, ஹோர் என்ற இரண்டு மலைகளுக்கு நடுவே வில்லோபி ஏரி இருக்கும் பிளவு தெரியும். கிங்டம் டிரெயில்ஸுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இந்த மெல்லிய மேடுதான், பெரிய மலை இல்லை. பத்து வயதுப் பிள்ளையும் அறுபது வயதுக்காரரும் ஒரே நாளில் ஒரே பாதையில் சந்தோஷமாக ஓட்டக்கூடிய நிலம் அது.

இந்த நிலம் இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வெர்மான்ட் முழுவதும் மெரினோ ஆடு வளர்ப்பு வெறிபிடித்ததுபோல் பரவியது. 1840 வாக்கில் மாநிலத்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட செம்மறி ஆடுகள் இருந்தன. காடுகளை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கினார்கள். கம்பளி விலை சரிந்ததும் ஆடு போய் மாடு வந்தது. அப்புறம் மாடும் குறைந்தது. 1940-களில் 11,000-க்கும் மேல் இருந்த பால் பண்ணைகள் இன்று சில நூறாகிவிட்டன. மேய்ச்சல் நிலத்தில் பெரும்பகுதி மறுபடி காடாகிவிட்டது. இப்போது மாநிலத்தில் நான்கில் மூன்று பங்கு மரம். அந்த இளங்காட்டுக்குள் பழைய கல் வேலிகள், மாட்டு வண்டித் தடங்கள், மரம் இழுத்த பாதைகள் எல்லாம் இன்னும் கிடக்கின்றன. சைக்கிள் பாதை போட வந்தவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது.

டார்லிங் குன்று மட்டும் அவ்வளவாகக் காடாகாமல் தப்பியதற்கு எல்மர் டார்லிங் என்ற ஒருவர் முக்கியக் காரணம். ஊர்க்காரர். நியூயார்க்கில் ஃபிஃப்த் அவென்யூ ஓட்டலை நடத்திப் பணக்காரரானவர். 1883-இல் இந்தக் குன்றில் ஒரு பண்ணை வைத்து, அந்த ஓட்டலுக்கே வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் அனுப்பினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்க், லிண்டன் இரண்டு ஊர்களின் எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு மாளிகை கட்டி, இரண்டு பெயரையும் சேர்த்து பர்க்லின் ஹால் என்று பெயர் வைத்தார். ஓட்டல் மேசைக்காகத் திறந்துவைத்த புல்வெளிகள்தான் நூறு வருடம் கழித்து சைக்கிளில் வருகிறவர்களை நிறுத்தி வேடிக்கை பார்க்க வைத்தன. பின்னாளில் அந்தப் பெருநிலம் பல கைகளுக்குப் பிரிந்தது. விடுதி நடத்துபவர்கள், விவசாயம் செய்பவர்கள், நிம்மதியாக இருக்க வீடு வாங்கி வந்தவர்கள் என்று கலவையான அக்கம்பக்கம் உருவானது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தக் கலவை முக்கியம்.

1994-இல் ஊர்க் கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் சில நிலக்காரர்களும் கூடி, லாப நோக்கம் இல்லாத ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். காரணம் எளிமையானது. பனிச்சறுக்கு ஊரில் கோடையில் ஈ ஓட்டத்தான் வேண்டியிருந்தது. பனிச்சறுக்கு மையமும் பல தடவை கைமாறித் தடுமாறிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்து நிலக்காரர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் தோப்பு வழியாக ஒரு பாதை போகலாமா என்று கேட்டார்கள். போகட்டும் என்றார்கள். வாடகை கிடையாது. ஒருவர் தோப்பு இன்னொருவர் வயலோடு சேர்ந்தது, அது மூன்றாமவர் பைன் காட்டோடு சேர்ந்தது. இப்படித்தான் வலைப்பின்னல் வளர்ந்தது.

பாதை போட்ட விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மெல்லிய சரிவில் பாதை போடுவது சுலபம் என்ற தப்பெண்ணம் பரவலாக உண்டு. உண்மை தலைகீழ். செங்குத்துச் சரிவில் பாதையைக் குறுக்காக வெட்டினால் மழைத்தண்ணீர் அதைக் கடந்து கீழே போய்விடும். மெல்லிய சரிவில் தண்ணீருக்குப் போக்கிடம் தெரியாது, பாதையையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். பாதை போடுகிறவர்கள் சொல்லும் பாதிக் கணக்கு இதற்காகத்தான்: பாதையின் ஏற்றம், அது கடக்கும் சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. குன்றின் சரிவு 12 சதவீதம் என்றால் பாதை 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சராசரி ஏற்றம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இன்னொரு பழக்கம். பாதையின் வெளி விளிம்பு லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை இறங்கும் பாதை சட்டென்று சின்னதாக ஏறி மறுபடி இறங்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் வெளியேறிவிடும். ஓட்டுகிறவருக்கு அந்த ஏற்ற இறக்கமே ஊஞ்சல் சுகம். ஆக, வடிகாலுக்காகச் செய்த வேலைதான் ஓட்டும் இன்பமாகவும் வெளிப்படுகிறது.

ஏப்ரலில் பனி உருகும்போது அங்கே எல்லாம் சேறு. உருகின மேல்மண்ணுக்கு அடியில் நிலம் இன்னும் உறைந்திருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்காது. அந்த வாரங்களில் பத்து சைக்கிள் போனால் ஒரு வருடத் தேய்மானம். அதனால் பாதைகளை மூடிவைத்து, காய்ந்த பிறகே திறப்பார்கள். அவசரக்காரர்கள் பூட்டு இல்லாத பாதையில் நுழைந்துவிடுவதும் உண்டுதான். ஒழுங்கு தெரிந்தவர்களால் மட்டுமே இந்த மாதிரிப் பாதை பிழைக்கும் என்பதற்கு இது முதல் அடையாளம்.

இந்த நிகழ்வின் மர்மம் அடுத்து வரும் சட்டத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். பாதையில் ஒருவர் விழுந்து எலும்பு முறிந்தால் யார் பொறுப்பு? வெர்மான்ட்காரர்களுக்கு இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 1970-களில் ஸ்ட்ராட்டன் மலையில், கற்றுக்குட்டிகளுக்கான சறுக்குப் பாதையில் பனிக்கடியில் மறைந்திருந்த புதரில் சிக்கி விழுந்த ஓர் இளைஞர் கைகால் செயலிழந்துபோனார். அவருக்கு 15 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 1978-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பனிச்சறுக்குத் தொழிலே ஆடிப்போன தீர்ப்பு அது. 1995-இல், அதாவது கிங்டம் டிரெயில்ஸ் தொடங்கிய மறு வருடம், கில்லிங்டன் பனிச்சறுக்கு மையம் சம்பந்தப்பட்ட வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: எது நடந்தாலும் நான் வழக்குப் போட மாட்டேன் என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொண்டு, காசு வாங்கும் ஒரு மையம் தன் கவனக்குறைவுக்குத் தப்பிக்க முடியாது.

இப்படிப்பட்ட மாநிலத்தில் ஒரு விவசாயி தன் தோப்பை ஊராருக்கு எந்த நம்பிக்கையில் திறந்துவிடுவார்? அதற்கு வேறொரு சட்டம் இருக்கிறது. காசு வாங்காமல் தன் நிலத்தைப் பொழுதுபோக்குக்குத் திறந்துவிடும் நிலக்காரர், வேண்டுமென்றே தீங்கு செய்தாலோ கண்மூடித்தனமாக நடந்துகொண்டாலோ தவிர, அங்கே வருகிறவருக்கு ஏற்படும் காயத்துக்குப் பொறுப்பில்லை. சங்கம் வருகிறவர்களிடம் அனுமதிச் சீட்டுக்குப் பணம் வாங்குகிறது. 2010-களின் இறுதியில் ஒரு நாளைக்கு 15 டாலர். அந்தப் பணம் பாதைப் பராமரிப்புக்கும் சம்பளத்துக்கும் காப்பீட்டுக்கும் போகிறது. நிலக்காரர் கைக்கு ஒரு காசும் போவதில்லை.

சட்டத்தின் கெட்டிக்காரத்தனம் இது. அதன் பலவீனமும் இதுவே. இலவசமாகத் தருவதால்தான் நிலக்காரருக்குப் பாதுகாப்பு. ஆனால் இலவசமாகத் தருகிறவருக்குக் கைம்மாறாக என்னதான் கிடைக்கிறது? விடுதிக்காரருக்கு அறை நிரம்புகிறது. சைக்கிள் கடைக்காரருக்குச் சங்கிலியும் டயரும் விற்கிறது. பீர் விற்பவருக்குக் கல்லா நிரம்புகிறது. நிலக்காரருக்குக் கிடைப்பது வழியில் பார்த்தால் ஒரு வணக்கமும் நன்றியும் மட்டும். கவனியுங்கள், அந்த நன்றியைச் சங்கத்தால் மொத்தமாகச் செலுத்திவிட முடியாது. பாதையில் வருகிற ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செலுத்த வேண்டிய கூலி அது.

தொடக்க வருடங்களில் அந்தக் கூலி தவறாமல் போய்ச் சேர்ந்தது. வருகிறவர்களில் பலர் உள்ளூர்க்காரர்கள், அல்லது அடிக்கடி வந்து முகம் பழகியவர்கள். இன்னார் தோப்பு வழியாகப் போகிறோம் என்று தெரிந்து ஓட்டினார்கள். 2008-இல் ஒரு அமெரிக்க சைக்கிள் இதழ், வட அமெரிக்காவிலேயே சிறந்த பாதை வலைப்பின்னல் என்று கிங்டம் டிரெயில்ஸைத் தேர்ந்தெடுத்தது. அதற்குப் பிறகு கூட்டம் ஏறிக்கொண்டே போனது. பாஸ்டனிலிருந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணம், மாண்ட்ரியலிலிருந்து அதைவிடக் குறைவு. கியூபெக் மாகாணத்துக் கனடியர்கள் பெருங்கூட்டமாக வந்தார்கள். நியூ இங்கிலாந்து மவுண்டன் பைக் சங்கத்தின் ஆண்டு விழா ஜூன் மாதத்தில் இங்கேயே நடந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வார இறுதியில் வந்து இறங்கினார்கள். 2010-களின் கடைசியில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. 1,700 பேர்கூட இல்லாத ஊரில்.

இடையில் ஒரு வேடிக்கையையும் குறித்துக்கொள்ள வேண்டும். இதே ஊரின் மறுபக்கத்து மலையில் பெரும் முதலீட்டுத் திட்டம் ஒன்று நடந்தது. வெளிநாட்டார் ஆளுக்கு 5 லட்சம் டாலர் போட்டால் கிரீன் கார்டு கிடைக்கும் என்ற திட்டத்தில் பணம் திரட்டி, ஜே பீக் என்ற இன்னொரு பனிச்சறுக்கு மையத்தையும் பர்க் மலையையும் வளர்த்தார்கள். 2016 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் மோசடி வழக்குத் தொடுத்தது. மலையும் புது ஓட்டலும் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போயின. வழக்கறிஞர்கள் எழுதிய ஒப்பந்தம் மலை மலையாக இருந்த திட்டம் கவிழ்ந்தது. வாய்வார்த்தை அளவிலான சம்மதத்தில் நின்ற பாதைகள் ஊரைத் தாங்கிக்கொண்டிருந்தன. அடுத்த மூன்றரை வருடத்துக்கு அந்தச் சம்மதம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று யாரும் எடை போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நம் ஊரில் வயல் வரப்பில் நடந்து போகிறவரை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. அதே வரப்பு வழியாக ஒரு திருவிழாக் கூட்டம் தினமும் போக ஆரம்பித்தால், அதுவும் வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தால், வயல்காரர் எத்தனை நாள் சும்மா இருப்பார்? டார்லிங் குன்றில் நடந்தது இதுதான். 15 டாலர் கொடுத்துச் சீட்டை வாங்கிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்ட மனிதர் தன்னை விருந்தாளி என்று நினைப்பதில்லை, வாடிக்கையாளர் என்று நினைக்கிறார். காசு கொடுத்த இடத்தில் நன்றி சொல்ல என்ன இருக்கிறது? அந்தக் காசு நிலக்காரருக்குப் போகவில்லை, போகவும் முடியாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கைபேசியில் உள்ள பாதை வரைபடம் ஏற்றம், இறக்கம், கடினத்தன்மை எல்லாவற்றையும் காட்டும். யார் வீட்டுப் புழக்கடை வழியாகப் போகிறோம் என்பதைக் காட்டாது.

மூன்று நிலக்காரர்களின் முடிவைப் பற்றி வந்த செய்திகளில் திரும்பத் திரும்ப அடிபட்டவை கூட்டமும் சில ஓட்டுநர்களின் மரியாதையற்ற நடத்தையும்தான். மவுண்டன் பைக் பாதைகளில் எங்கும் எழுதப்பட்ட விதி ஒன்று உண்டு: சைக்கிள்காரர் நடப்பவருக்கும் குதிரைக்கும் ஒதுங்கி வழிவிட வேண்டும். சத்தமில்லாமல் வேகமாக வரும் சைக்கிள் குதிரையை மிரட்டிவிடும் என்பதால் வந்த விதி இது. இந்த விதியை மீறுகிறவர்கள் எப்போதும் சிலர்தான். ஆனால் நூறு பேரில் ஒருவர் மீறினால், ஒரு லட்சம் வருகைக்கு ஆயிரம் மீறல். சொந்த நிலத்தில் நடந்து போகும் ஒருவரை ஓரம் போகச் சொல்லிக் கத்திவிட்டுப் போனால், மீதி 99 பேரின் நல்ல பழக்கத்தை அவர் எண்ணிப் பார்ப்பாரா? அந்த மூன்று நிலக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் முழுவதுமாகக் கதவைச் சாத்தவும் இல்லை. எந்த வகை ஆட்கள் வந்தால் பிரச்சினை இல்லையோ அவர்களைத் தொடர்ந்து வரவிட்டார்கள். யோசித்து எடுத்த முடிவாகத்தான் தெரிகிறது.

இழந்த மைல்கள் மொத்தத்தில் சிறு பங்குதான். ஆனால் மூன்று நிலங்களும் அடுத்தடுத்து இருந்தன, அதுவும் முதுகெலும்பு போன்ற மேட்டின் மேல். சுற்றி வரும் வளையங்களாகப் போட்ட பாதைகள் பாதியில் நின்றன. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக டார்லிங் குன்றுச் சாலையை நம்ப வேண்டியிருந்தது. அது கார்களும் டிராக்டர்களும் போகும் குறுகிய கிராமச் சாலை. ஒற்றை வரிசையில் ஓரமாகப் போங்கள் என்று சங்கம் சொல்லிச் சொல்லி ஓய்ந்தது. பாதையில் இருந்த நெரிசலைச் சாலைக்கு மாற்றிவிட்டால், சாலையோரத்தில் குடியிருக்கும் அடுத்த நிலக்காரருக்கு எரிச்சல் வரும். ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த கண்ணிமேல் இழுவை கூடுகிறது. இதை முன்கூட்டியே கண்டிருக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். எந்த நிலம் போனால் வலை இரண்டாகும் என்பதை வரைபடத்தில் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பாதையின் நீளத்தை எண்ணுவதில் இருந்த ஆர்வம், பாதை எங்கே அறுபடும் என்று பார்ப்பதில் இருந்திருக்கவில்லை.

சங்கம் கைகட்டி நிற்கவில்லை. நன்றியோடு ஓட்டுங்கள் என்ற முழக்கத்தோடு ஒரு பிரசாரத்தை ஆரம்பித்தது. பலகைகள், ஒட்டுவில்லைகள், பாதை முனைகளில் நின்று பேசும் தன்னார்வலர்கள் என்று பல வழிகளில் ஒரே செய்தி: இது தனியார் நிலம், இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள், பார்த்தால் நன்றி சொல்லுங்கள், கட்டுப்பாட்டோடு ஓட்டுங்கள். இதை வெறும் விளம்பர வாசகம் என்று சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூலி கொடுக்கச் சட்டம் இடம் தராத இடத்தில் நன்றி ஒன்றே கூலி என்றால், அந்தக் கூலியை வசூலித்துக் கொடுப்பது சங்கத்தின் முதல் வேலை. 25 வருடம் கழித்து ஆரம்பித்தார்கள் என்பதுதான் குறை.

2020-இல் அந்த ஜூன் விழா ஈஸ்ட் பர்க்கில் நடக்கவில்லை. மார்ச் மாதமே கொரோனா வந்து அமெரிக்க–கனடிய எல்லை மூடப்பட்டது. கனடியர்கள் தரைவழியாகச் சாதாரணப் பயணம் வர 2021 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆக இரண்டு முழுப் பருவங்கள் கியூபெக் கூட்டம் இல்லை. விடுதிக்காரர்களுக்கு அது கஷ்ட காலம். குன்றின் மேல் இருந்தவர்களுக்கு மூச்சுவிட நேரம். சங்கத்துக்கும் அந்த இடைவெளி பயன்பட்டது என்றே சொல்ல வேண்டும்: இந்த ஊர் எத்தனை பேரைத் தாங்கும், வண்டிகளை எங்கே நிறுத்துவது, கூட்டத்தை எப்படிப் பிரித்து அனுப்புவது என்ற கேள்விகளை அப்போதுதான் உட்கார்ந்து பேச முடிந்தது.

இவற்றில் வண்டி நிறுத்தம்தான் உண்மையான மதகு. பாதையில் ஆளை எண்ணித் தடுக்க முடியாது. காட்டுக்கு வாசல் கிடையாது. ஆனால் கார் நிறுத்த எத்தனை இடம் இருக்கிறதோ அத்தனை பேர்தான் வருவார்கள். நிறுத்துமிடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே பாதையில் மரியாதையைப் போதிப்பது, குழாயைத் திறந்துவைத்துவிட்டுத் தரையைத் துடைக்கிற வேலை. கிராமத்துக் கடைக்காரர்கள் இதை ரசிக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில் ஐம்பது கார் குறைந்தால் யார் வீட்டில் வருமானம் குறைகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். சங்கத்தின் உறுப்பினர்களிலும் ஆதரவாளர்களிலும் அவர்களும் இருக்கிறார்கள். லாபம் பார்க்கிறவரும் இடம் கொடுக்கிறவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும்வரை இந்த இழுபறி தீராது.

சட்டத்தையே மாற்றி எல்லா நிலத்தையும் திறந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஸ்காட்லாந்தில் அப்படித்தான். 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்பாக நடந்துகொள்ளும் யாருக்கும் பெரும்பாலான நிலங்களில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிமை தருகிறது. நிலக்காரர் நினைத்தால் மூடிவிட முடியாது. இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம், குதிரை போகும் பழைய வழிகளில் சைக்கிளும் போகலாம் என்றது; அங்கேயும் அந்த உரிமை நிலக்காரரின் மனநிலையைச் சார்ந்ததில்லை. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஸ்காட்லாந்தின் உரிமை போய்வருவதற்கான உரிமை, மண்ணை வெட்டிப் பாதை போடுவதற்கான உரிமை இல்லை. புதுப் பாதை வெட்ட அங்கேயும் நிலக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும். ஈஸ்ட் பர்க்கில் இருக்கும் ரகப் பாதைகள், வடிகால் பார்த்து, வளைவு பார்த்து, மனிதக் கையும் இயந்திரமும் சேர்ந்து செய்தவை. அவற்றுக்குச் சம்மதம் எந்த நாட்டிலும் தேவை.

வெர்மான்ட்டுக்குள்ளேயே இன்னொரு வழி இருக்கிறது. மாநிலத்தின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனை வரை சுமார் 300 மைல் ஓடும் கேடமவுண்ட் பனிச்சறுக்குப் பாதை 1984-இல் தொடங்கியது. அதுவும் பல இடங்களில் தனியார் நிலங்களின் வழியாகத்தான் போகிறது. அதை நடத்துகிறவர்கள் வாய்ச் சம்மதத்தை மட்டும் நம்பி இருக்காமல், முடிகிற இடங்களில் நிரந்தர வழியுரிமையைப் பத்திரத்தில் பதிவு செய்து வாங்குவதில் பல ஆண்டுகளாக உழைக்கிறார்கள். நிலம் கைமாறினாலும், வாரிசுகள் வந்தாலும், வழி அப்படியே இருக்கும். நிலக்காரர்கள் இதற்குத் தயங்குவார்கள், அது நியாயம்தான். இன்று சம்மதம் சொல்வது வேறு, தன் பேரப்பிள்ளையின் சம்மதத்தையும் சேர்த்து இன்றே எழுதிக்கொடுப்பது வேறு. பாதை பதிந்த நிலம் விற்கும்போது விலை என்ன ஆகும் என்ற பயமும் உண்டு.

அதனால் நூறு பேரிடமும் பத்திரம் கேட்பது முடியாத காரியம், தேவையும் இல்லை. டார்லிங் குன்று காட்டியது, எல்லா நிலமும் ஒரே எடை இல்லை என்பது. ஓரத்தில் இருக்கும் தோப்புக்குள் சுற்றிவரும் வளையம் ஒன்று மூடினால் ஒரு வளையம் குறைகிறது, அவ்வளவுதான். அதை வாய்ச் சம்மதத்தில் விட்டுவைக்கலாம். நிலக்காரருக்கும் அதுதான் நிம்மதி. மேட்டின் மேல் ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு இணைக்கும் நாலைந்து நிலங்களை மட்டும் முதலிலேயே அடையாளம் கண்டு, அங்கே வழியுரிமைக்கு உரிய விலையைக் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும். வழியுரிமைக்காகக் கொடுக்கும் பணம் அந்தப் பாதுகாப்புச் சட்டத்தோடு மோதாதபடி எழுதுவது வழக்கறிஞர்களின் வேலை. அதற்கு ஆகும் செலவு, புதிதாக 10 மைல் பாதை வெட்டும் செலவைவிடக் கூடுதலாக இருக்கலாம். அப்படியிருந்தாலும் அதைத்தான் முதலில் செய்வேன். பலரும் செய்வது தலைகீழாக: வெட்டுவதற்கு நன்கொடை கிடைக்கிறது, திறப்பு விழா நடத்தலாம், புகைப்படம் எடுக்கலாம். பத்திரப் பதிவுக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.